சிம்பாங் ரெங்கத்தில் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

திங்கள், காலை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கைப்பேசியைப் பார்த்தேன். செல்வியிடமிருந்து பதில் இல்லை. பயணச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பியது, திருச்சியில் விமானம் ஏறும்போது அனுப்பியது, எல்லாவற்றின் கீழும் நீலக் கோடு மட்டும் விழுந்திருந்தது. படித்திருக்கிறாள், பேசவில்லை. போன வாரம் வரை “எப்ப வர்றீங்க மாமா?” என்று நாள் தவறாமல் நச்சரித்த பெண் அவள்.

போக வரப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். தூத்துக்குடியில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி மல்லிகா வாசலில் நின்று கேட்டாள்: “ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பதினெட்டாயிரமா? போன்ல சொன்னா ஆகாதா?” ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் ஆகாது என்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணம் உங்களுக்கும் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கப்பல் ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் பழுது பார்ப்பதற்காக நின்றது. நான் எஞ்சின் அறையில் ஃபிட்டர். பெயர் மாரிமுத்து. முழுப் பெயர் கப்பலில் எவன் வாயிலும் நுழையாததால் வெறும் மாரி. பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த செல்வராஜ் என்னைத் தமிழன் என்று கண்டுகொண்டு ஒட்டிக்கொண்டார். கப்பல் புறப்பட இருந்த வேளையில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. தொற்றுக்காரனை ஏற்றிக்கொண்டு எந்தக் கேப்டன் கடலுக்குப் போவான்? கப்பல் போய்விட்டது. செல்வராஜ் ஒரு வேனைப் பிடித்து, சிம்பாங் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த தன் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனார். அவர் மனைவி லெட்சுமி அக்கா வேப்பிலை விரித்த பாயில் என்னைப் படுக்கவைத்தார். இளநீரும் மோரும் கேழ்வரகுக் கூழும் கொடுத்தார். யாரோ ஒரு வெளியூர்க்காரனுக்கு அவர் அன்று செய்ததை என் உடன்பிறந்தவள் செய்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அம்மை இறங்குவதற்கு மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எனக்கு இரண்டு தண்ணீர் ஆகியிருந்தபோது ஏஜென்டின் கார் வந்து வாசலில் நின்றது. சிங்கப்பூரில் வேறொரு கப்பலில் இடம் இருக்கிறது, உடனே ஏற வேண்டும் என்றார்கள். அம்மை கண்ட வீட்டின் சட்டம் நமக்குத் தெரிந்ததுதான். அங்கே வருபவரை “வாங்க” என்று அழைக்கக் கூடாது. போகிறவர் “போயிட்டு வர்றேன்” என்று சொல்லக் கூடாது. சொன்னால் அம்மையும் கூடவே திரும்பி வந்துவிடும் என்பது நம்பிக்கை. மூன்றாவது தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை அந்தச் சட்டம் நிற்கும். ஆகவே என்னைப் பிழைக்கவைத்த வீட்டிலிருந்து ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து காரில் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா வேப்பிலைக் கொத்துக்குக் கீழே நிற்கிறார், வாய் திறக்கவில்லை. இடுப்பில் நாலு வயது மகள் செல்வி.

அதன் பிறகு பாசிர் கூடாங் பக்கம் எந்தக் கப்பலும் என்னைக் கொண்டுபோகவில்லை. எஸ்டேட் கை மாறியது, லயங்களை இடித்தார்கள், நான் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. போன வருடம் செல்விதான் முகநூலில் என்னைக் கண்டுபிடித்தாள். செல்வராஜ் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று அவள் சொல்லித்தான் தெரியும். அக்கா போனை வாங்கிப் பேசினார்: “தம்பி, நீ சொல்லிக்காம போனவன். அவரு கடைசியா ஆஸ்பத்திரியில இருக்கறப்ப கூட, மாரி வர்றேன்னு சொல்லலியேன்னு சொன்னாரு. ஒரு தடவ வந்து, வாயால சொல்லிட்டுப் போப்பா.” அதற்காகத்தான் இந்தப் பயணம்.

திங்கள், முற்பகல். விமான நிலையத்திலிருந்து தெற்குப் பேருந்து முனையத்துக்குப் பதினைந்து வெள்ளி. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து யோங் பெங் போக இருபத்து நான்கு வெள்ளி. பேருந்துக் கதவருகே நின்ற மலாய்க்கார உதவியாளர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, “மாரி, மாரி, பாக்சிக்!” என்றார். பாக்சிக் என்றால் பெரியவரைக் கூப்பிடுவது, நம் மாமா மாதிரி. முதல் தடவை பாசிர் கூடாங்கில் இறங்கியபோது துறைமுகக் காவலாளி இதே மாதிரி கூப்பிட்டதும், இவனுக்கு என் பெயர் எப்படித் தெரியும் என்று நான் விழித்ததும் நினைவுக்கு வந்தது. மலாயில் அந்தச் சொல்லுக்கு “வா” என்று பொருள் என்பதைச் செல்வராஜ்தான் சொல்லிச் சிரித்தார். “ஒன்னைய இந்த ஊருல எல்லாரும் கூப்டுக்கிட்டே இருப்பாங்க, பயப்படாத” என்றார்.

அது மிகப் பழைய சொல்லாம். மலாய்க்காரர்களின் மூதாதையர் படகேறித் தீவு தீவாகப் பரவியபோது கூடவே போன சொல். நியூசிலாந்துத் துறைமுகம் ஒன்றில் மாவோரிக் கிழவர் ஒருவர் எங்களை “மை, மை” என்று வரவேற்றார். இரண்டும் ஒரே சொல்லின் பிள்ளைகள் என்று பிறகு கப்பல் நூலகத்தில் படித்தேன். என் பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தாலும் பேருந்தில் உட்கார்ந்து, கூப்பிட்டும் முப்பது வருடம் வராத ஒருவனைப் பற்றி நினைத்துக்கொண்டே போனேன். நெகிரி செம்பிலான், மலாக்கா எல்லாம் தாண்டும் வரை வெளியே எண்ணெய் எடுக்கும் செம்பனை, செம்பனை, மறுபடியும் செம்பனை. ரப்பர் மரங்களை எங்கே கொண்டுபோய் ஒளித்தார்கள் என்று தெரியவில்லை.

திங்கள், பிற்பகல். யோங் பெங் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்திப்பு ஊர். பேருந்துகள் நிற்கும், ஆட்கள் மீன் உருண்டை வாங்குவார்கள், போய்விடுவார்கள். அங்கே மணியம் என்ற வாடகைக் கார்க்காரர் கிடைத்தார். சிம்பாங் ரெங்கம் போக ஐம்பது வெள்ளி கேட்டார். பழைய எஸ்டேட் வழியாகப் போக முடியுமா என்றேன்.

“அங்க என்னண்ணே இருக்கு பாக்க? லயமெல்லாம் ஒடச்சு எத்தன வருசம் ஆச்சு. போலாம், பத்து வெள்ளி கூட குடுங்க லா.”

கொடுத்தேன். செம்மண் பாதையில் கார் குலுங்கிக் குலுங்கிப் போய் நின்றது. வரிசை வரிசையாகச் செம்பனை. செல்வராஜ் வீடு எங்கே இருந்தது, தண்ணீர்க் குழாய் எங்கே, கோயில் எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை. வேப்பிலை வாசமாவது வராதா என்று மூக்கை நீட்டிப் பார்த்தேன். உரவாசம்தான் அடித்தது. நான் சாகாமல் மிஞ்சிய இடத்தைக் கையால் சுட்டிக்காட்டக்கூட முடியவில்லை. மணியம் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார், நான் காரில் ஏறிக்கொண்டேன்.

லெட்சுமி அக்கா இப்போது இருப்பது ஊரை ஒட்டிய தாமான் என்கிற குடியிருப்பில், ஒட்டி ஒட்டிக் கட்டிய மலிவு வீடுகளின் வரிசையில். கார் நின்ற சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். தலை முழுக்க வெள்ளை. உடம்பு பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். வா என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

நான் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றேன். பதில் வராத செய்திகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நெஞ்சில் ஏறின. இத்தனை காலம் கழித்து எந்த முகத்தோடு வந்தாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்த நிற்பு. திரும்பி மணியத்தின் காரைப் பார்த்தேன், அவர் அதற்குள் கிளம்பிவிட்டார். அப்போதுதான் அக்கா கண்ணை மட்டும் மேலே தூக்கிக் காட்டினார். நிலைப்படிக்கு மேலே வேப்பிலைக் கொத்து தொங்கியது.

அம்மை வீட்டுச் சட்டம் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? செருப்பை வெளியே விட்டேன். வாசல் குழாயில் காலைக் கழுவினேன். யாரும் அழைக்காமல் உள்ளே போனேன். அக்கா என் பின்னால் வந்து தோளில் கை வைத்தார்.

உள்ளறையில் செல்வி படுத்திருந்தாள். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கே தங்கியிருந்த இடத்தில் தொற்றியதாம். முகமெல்லாம் முத்து.

“அலமாக், மாமா! உங்கள பாக்கறப்ப நான் இப்படியா இருக்கணும்?”

“ஏம்மா ஒரு வரி பதில் போடல?”

“அம்மா போட விடல. வாங்கன்னு போட கூடாது, அது கூப்டற மாதிரி. வராதீங்கன்னு போட்டா நீங்க டிக்கெட்டு எடுத்த ஆளு, மனசு ஒடஞ்சு போயிடுவீங்க. அதான் போன கவுத்தி வச்சிட்டாங்க.”

ஒரு வாரமாக நான் விட்ட சாபமெல்லாம் வீண் என்று தெரிந்தது. அடுத்த நொடியே இன்னொன்றும் உறைத்தது. அன்றைக்கு எந்தச் சட்டம் என் வாயைக் கட்டியதோ, அதே சட்டம் இன்றைக்கும் இந்த வீட்டு வாசலில் தொங்குகிறது. “எத்தனை தண்ணி ஆச்சு?” என்று கேட்டேன்.

“ஒண்ணு ஆச்சு” என்றார் அக்கா. “ரெண்டாவது நாளைக்கு. மூணாவது வெள்ளிக்கிழம.”

வெள்ளிக்கிழமை மதியம் யோங் பெங்கில் எனக்குத் திரும்பும் பேருந்து. அன்று மாலை விமானம். ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம், தாய்மாமன் நான் இல்லாமல் தட்டு மாற்ற மாட்டார்கள். மனதில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வெள்ளி காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் சரியாக இருக்கும். அக்காவும் அதையே நினைத்திருக்க வேண்டும். “காலையிலயே ஊத்திடலாம்” என்றார்.

செவ்வாய். வாசலில் இரண்டு பெரிய ஏனங்களில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்தார் அக்கா. தண்ணீர் வெயிலில்தான் சூடேற வேண்டும். அடுப்பில் வைத்தது ஆகாது. சுள்ளென்று வெயில் அடித்ததால் பத்து மணிக்கே தண்ணீர் பதமாகிவிட்டது. வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை. கிளினிக்கில் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம், வேப்பிலை ஒரு பக்கம். இரண்டுக்கும் சண்டை இல்லை.

பக்கத்து வீட்டு ஹலிமா அக்கா மதியம் வேலி ஓரத்துக்கு வந்து, என்னைப் பார்த்து, “மாரி, மாரி மக்கான்!” என்று சாப்பிடக் கூப்பிட்டார். நம் வீட்டு வேலியில் நின்றுகொண்டு அந்த அம்மாள் “வா” என்று சொன்னது குற்றமா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லெட்சுமி அக்காவிடம் கேட்டேன்.

“அவங்க வீட்டுக்குத்தான கூப்டறாங்க. அது பரவால்ல.”

“அப்ப நான் மலாயில சொல்லிட்டுப் போயிடவா? அந்த வார்த்தய மலாயில சொன்னா கணக்குல வராதுல்ல?”

உள்ளே இருந்து செல்வி கத்தினாள்: “மாமா, அம்மனுக்கு மலாய் தெரியாதா? இத்தன வருசமா மலேசியாவுல இருக்கா, ஐ.சி.யே வச்சிருப்பா!” ஐ.சி. என்றால் இங்கே அடையாள அட்டை.

அக்கா சிரித்துவிட்டார். நான் வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் மலாயில் சொல்லவும் விடவில்லை.

புதன். செல்வியின் துணிமணிகள் பாசிர் கூடாங் விடுதியில் கிடந்தன. அவற்றை எடுத்துவரக் கிளம்பினேன். கிளம்பும்போது பழக்கத்தில் வாய் திறந்துவிட்டேன். அக்கா பாய்ந்து என் வாயைப் பொத்தினார். அறுபது வயதுக் கப்பல்காரன் வாயை ஒருவர் பொத்துவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன்.

ஜொகூர் பாரு வரை ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பாசிர் கூடாங் சாலைகளில் தொழிற்சாலைப் பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும்தான் அதிகம். ஷிப்டு விடும் நேரமாக இருந்தால் நடந்து குறுக்கே போக முடியாது. காற்றில் எண்ணெய் ஆலையின் இனிப்பு கலந்த நாற்றம் அப்படியே இருந்தது, அதை மோந்ததும் எனக்கு முப்பது வயது குறைந்துபோயிற்று. விடுதியில் துணிகளை வாங்கிக்கொண்டு பழைய பட்டறைப் பக்கம் நடந்தேன். வாசலில் இப்போது உயரமான கம்பிவேலி. அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வேலிக்கு வெளியே ஒரு கடையில் தேத்தாரே, இழுத்து ஆற்றிய பால் தேநீர், குடித்தேன், இரண்டு வெள்ளி. இதே மாதிரி ஒரு கடையில்தான் செல்வராஜ் கைகளில் வெல்டிங் தீத்தழும்புகளோடு உட்கார்ந்து, என்னைக் காசு கொடுக்க விடாமல் சண்டை போடுவார். அவர் இருந்திருந்தால் இன்றைக்கும் அவர்தான் கொடுத்திருப்பார். இன்னொரு கிளாஸ் வாங்கி எதிரே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதையும் நானே குடித்தேன்.

வியாழன். செல்விக்கு அரிப்பு. சொறியக் கூடாது. கவனத்தைத் திருப்ப ஏதாவது கதை சொல்லுங்கள் என்றாள். நான்கு வயதில் அவள் இதே மாதிரி வாசற்படியில் உட்கார்ந்து என் அறைக்குள் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பாள். இப்போது படியில் நான் இருந்தேன். என் பெயர் ஊர் ஊராகப் பட்ட பாட்டைச் சொன்னேன்.

மார்செய் துறைமுகத்தில் என் பெயரைக் கேட்ட பிரெஞ்சுக்காரிகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர்கள் மொழியில் அது புருஷன். கல்யாணமானவன் என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம்.

“அப்ப உங்கள அங்க எல்லாப் பொம்பளைங்களும் புருசா, புருசான்னு கூப்டாங்களா?”

“மல்லிகாகிட்ட சொல்லிடாத.”

ஜப்பானில் கோபே துறைமுகத்தில் ஒரு கடைக்காரர் பல வண்ண நூல் சுற்றிய அழகான பந்து ஒன்றை எடுத்துக் காட்டி, இதுதான் மாரி என்றார். அங்கே அது பெண்பிள்ளைகள் தட்டி விளையாடும் பந்து. எங்கள் கப்பலில் இருந்த ரஷ்ய எஞ்சினியரோ, வோல்கா ஆற்றங்கரையில் மாரி என்றே ஒரு சனம் இருக்கிறது, அவர்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஆள் என்று பொருள் என்றார். அந்த ஊரில் நான் போய் “நான் மாரி” என்றால், ஆமாம் நீ ஆள்தான், அதற்கென்ன என்று கேட்பார்கள்.

“நம்ம ஊர்ல மழை. அதுவும் சொல்லுங்க” என்றாள் செல்வி.

“மழை. மழையைத் தருகிற அம்மன். வடமொழியில அதே சத்தத்துக்குக் கொள்ளைநோய்னு அர்த்தம்கிறாங்க. எது முந்தி, எது பிந்தின்னு படிச்சவங்க இன்னும் சண்டை போடறாங்க. எனக்குக் காய்ச்சலோட படுத்திருக்கறப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.”

கடைசியாக வைத்திருந்தது ஸ்பெயின் கதை. பில்பாவோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய ஒரு பாஸ்க் இனத்துக் கிழவன், என் பெயரைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு மலையைக் காட்டினான். அங்கே குகையில் மாரி என்று ஒரு பெண் தெய்வம் இருக்கிறாள். அவள் அசைந்தால் மழை, கோபித்தால் ஆலங்கட்டி. கன்னி மேரியின் பெயர் தேய்ந்து அப்படி ஆயிற்று என்று சிலர் சொல்வார்கள், அந்தக் கிழவனோ அவள் மேரிக்கும் மூத்தவள் என்று சாதித்தான். அவள் வீட்டுக்குப் போகிறவனுக்குச் சட்டம் உண்டு. அவளே உட்காரச் சொன்னாலும் உட்காரக் கூடாது. எப்படி நுழைந்தாயோ அப்படியே, முதுகைக் காட்டாமல், பின்னால் நடந்து வெளியே வர வேண்டும். எத்தனையோ கடல் தாண்டி, நம்மை அறியாத சனத்திடம், அம்மன் வீட்டில் விருந்தாளி எப்படிப் போக வேண்டும் வர வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொற்களுக்குள் உறவு இல்லை, அது எனக்குத் தெரியும். பயம் ஒன்றாக இருக்கலாம்.

சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையோடு வந்து நின்றார். “அந்த ஊருலயும் சொல்லிக்காமத்தான் போவாங்களா தம்பி?” என்று கேட்டார்.

“அது தெரியலக்கா. கேட்டுக்கல.”

“அன்னிக்கு நீ போனப்புறம் இவரு ரெண்டு நாளு சோறு திங்கல. அவன் சொல்லிட்டுப் போக முடியாதுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிஞ்சா மட்டும் மனசு கேக்குமா? வர்றேன்னு சொல்லாதவன் எப்படி வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வரவும் இல்ல. முப்பது வருசம் ஆயிருச்சு. இந்த வாட்டியும் நீ சொல்லாம போனீன்னா, அடுத்தத பாக்க நான் இருப்பனா?”

எஞ்சினை நம்பிப் பிழைத்தவன் நான். வால்வு திறந்தால் ஆவி வரும், மூடினால் நிற்கும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால்தான் அந்தத் துறைமுகம் முப்பது வருடம் என்னைத் தள்ளி வைத்தது என்று உள்ளுக்குள் நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். “நாளைக்கு வர்றேன்னு நிச்சயமா சொல்லிட்டுப் போறேன்” என்றுகூட நான் சொல்ல முடியாது. போகப்போகிறவன் வாயில் அந்தச் சொல் வரக் கூடாது.

வெள்ளி. விடியும்போதே தகரக் கூரையில் தடதடவென்று சத்தம். மழை. ஜொகூரில் மழை மதியத்துக்கு மேல்தான் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்துக் காலையிலேயே பிடித்துக்கொண்டது. வாசலில் ஏனங்கள் நிரம்பி வழிந்தன. அக்கா குடையோடு போய் வானத்தைப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தார்.

“ஹீட்டர் இருக்கும்மா!” என்றாள் செல்வி. “ஒரு சுவிட்சு. அஞ்சு நிமிசம்.”

“வெயிலு தண்ணிதான்.”

“கேஸுல வச்சா?”

“வெயிலுன்னா வெயிலு.”

என் பெயரையே நான் மனதுக்குள் திட்டிக்கொண்டேன். பத்து மணி ஆயிற்று, மழை விடவில்லை. பதினொன்றுக்கு மணியத்தின் கார் வந்துவிட்டது. அக்காவிடம் கெஞ்சினேன்: “யோங் பெங் வரைக்கும் கார்ல கூட வந்துருங்க. வீட்டுக்கு வெளிய வச்சு சொல்றேன்.”

“நான் எங்க நின்னாலும் இந்த வீட்டு ஆளுதான தம்பி. வேணாம். புள்ளைக்கு ஆகாது.”

“ஒண்ணும் ஆகாது, சொல்லுங்க மாமா” என்று உள்ளே இருந்து செல்வி குரல் கொடுத்தாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அறைக்குள் எட்டி அவள் முகத்தில் உலர்ந்துகொண்டிருந்த முத்துகளைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டியை எடுத்தேன். அந்தப் பாஸ்க் கிழவன் சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, முதுகைத் திருப்ப மனம் வரவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து கேட்டுக்கு வந்து சேர்ந்தேன். மழையில் சட்டை நனைந்தது. அக்கா வேப்பிலைக்குக் கீழே நின்றார். முப்பது வருடத்துக்கு முன்பு நின்ற அதே நிற்பு. கார் தெருமுனை திரும்பும் வரை அப்படியே நின்றார்.

“என்னண்ணே, சண்டையா?” என்றார் மணியம். “ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த பேசலியே?”

“அம்மை போட்ட வீடு.”

“ஓ.” அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. யோங் பெங்கில் இறங்கும்போது பத்து வெள்ளியைக் குறைத்து வாங்கிக்கொண்டார். அவரும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்.

வெள்ளி, பிற்பகல். பேருந்து வடக்கே போகப் போக மழை பின்தங்கிவிட்டது. வெயில் வந்தது. அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. பாகோ ஓய்விடத்தில் பேருந்தை நிறுத்தினார்கள். மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் இரண்டு வாங்கிக்கொண்டு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். மல்லிகாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். போன வேலை முடிந்ததா என்று கேட்பாள்.

கைப்பேசி அடித்தது. செல்வியின் எண். எடுத்தால் அக்கா.

“தம்பி, நீ போன கையோட மழ விட்டுருச்சு. சரியான வெயிலு. இப்பத்தான் மூணாவது தண்ணி ஊத்தி, இலைய எடுத்து ஓரமா போட்டேன்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “எங்க இருக்க?”

“பாகோவுல.”

“சரி. இப்ப சொல்லு.”

பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் துரியன் மிட்டாய்ப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தது. யார் பார்த்தால் என்ன என்று எழுந்து நின்றுகொண்டேன். முப்பது வயதில் ஏஜென்டின் காரில் ஏறியபோது தொண்டையில் நின்றுபோன வார்த்தை அது. வீட்டில் கறிவேப்பிலை வாங்கப் போகும்போதுகூடச் சொல்கிற வார்த்தை, மல்லிகா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதைச் சொல்ல எனக்கு இரண்டு தடவை முயற்சி வேண்டியிருந்தது. முதல் தடவை அழுகைதான் வந்தது.

“போயிட்டு வர்றேன்க்கா.”

மறுமுனையில் அவர் வீட்டுக்குள் யாரிடமோ பேசுவது கேட்டது. செல்வியிடம் இல்லை. “ஏங்க, மாரி சொல்லிட்டான்” என்றார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த செல்வராஜ் படத்திடம்தான் பேசியிருக்க வேண்டும்.

அப்புறம் போனுக்குத் திரும்பி வந்தார்.

“போயிட்டு வாப்பா.”